ஆண்–பெண் வேறுபாடு: எதில், எவ்வளவு, யார் பார்க்கும்போது?

பெண்கள் அதிகம் பேசுவார்கள், பிறர் மனத்தை எளிதில் படித்துவிடுவார்கள். ஆண்களுக்குக் கணக்கும் திசையும் நன்றாக வரும், முரட்டுத்தனமும் போட்டியும் கூடுதல். இதெல்லாம் ஆய்வுகளில் நிற்கிறதா, நின்றால் பிறவியிலேயே வந்ததா, வேலைக்கு ஆள் எடுக்கும்போது இதை நம்பலாமா? கேள்வி இதுதான். மூன்றுக்கும் பதில் உண்டு, ஆனால் ஒரே பதில் இல்லை.

அளவுகோலிலிருந்து தொடங்குகிறேன். இது புரியாமல் சண்டை போடுவதால்தான் இந்தத் தலைப்பில் பாதி வாக்குவாதம் வீணாகிறது. "ஆண்கள் உயரமானவர்கள்" என்கிறோம். முன்பின் தெரியாத ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் பக்கத்தில் நிறுத்தினால் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது தடவை ஆணே உயரமாக இருப்பார். அது பெரிய வேறுபாடு. உளவியலில் "குறிப்பிடத்தக்க வேறுபாடு கண்டுபிடிக்கப்பட்டது" என்று செய்தியாக வருபவற்றில் பெரும்பாலானவை அப்படியல்ல. இரு சராசரிகளுக்கும் நடுவே ஐந்தில் ஒரு பங்கு திட்ட விலக்கம் (ஆட்கள் தம் கூட்டத்தின் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகி நிற்கிறார்கள் என்பதன் அளவு) இருந்தால், அதே போல இருவரை நிறுத்தும்போது கணிப்பு நூற்றுக்கு 56 தடவை சரியாகும். நாணயத்தைச் சுண்டினாலே 50 தடவை சரியாக வரும் என்பதை நினைவில் வையுங்கள். அமெரிக்க உளவியலாளர் ஜேனட் ஹைட் 2005-இல் அதுவரை வந்திருந்த 46 தொகுப்பாய்வுகளை (ஒரே கேள்வியைப் பற்றிய பல ஆய்வுகளைக் கூட்டிக் கணக்கிடுபவை) அலசினார். நினைவாற்றல், மொழி, கணக்கு, ஆளுமை, பேச்சு, கோபம் எல்லாம் அதில் அடக்கம். கிடைத்த வேறுபாடுகளில் 78 விழுக்காடு இப்படிச் சிறியவை, அல்லது பூஜ்யத்தை ஒட்டியவை.

மீதி 22 விழுக்காடு இருக்கிறதே என்று கேட்டால், ஆமாம், இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பேச்சை எடுத்துக்கொள்வோம். பெண்கள் நாளுக்கு 20,000 வார்த்தை, ஆண்கள் 7,000 வார்த்தை என்று ஒரு கணக்கு உலகமெங்கும் சுற்றியது. யாரும் உட்கார்ந்து எண்ணியதாகத் தெரியவில்லை. மத்தியாஸ் மெல் குழுவினர் 396 மாணவர்களிடம் விட்டுவிட்டுத் தானாகப் பதிவாகும் சிறு ஒலிப்பதிவுக் கருவியைக் கொடுத்து எண்ணினார்கள். 2007-இல் முடிவு வந்தது. இரு பக்கமும் நாளுக்குச் சுமார் 16,000 வார்த்தைகள். பெண்கள் சில நூறு கூடுதல், அதுவும் தற்செயலாக வரக்கூடிய அளவு. ஆனால் ஆளுக்கு ஆள் இருந்த வித்தியாசம் மலைப்பானது: நாளுக்கு ஆயிரம்கூடப் பேசாதவரும் 40,000-ஐத் தாண்டியவரும் அதில் இருந்தார்கள். பின்னர் 2,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வில் நடுவயதில் மட்டும் பெண்கள் நாளுக்குச் சுமார் 3,000 வார்த்தை கூடுதலாகப் பேசுவது தெரிந்தது. இளையவர்களிடமும் முதியவர்களிடமும் அந்த இடைவெளி தெளிவாக இல்லை. பிள்ளை வளர்க்கும் வயது அது என்பது என் ஊகம். குழந்தையுடன் இருப்பவருக்கு வாய் ஓயாது.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. ஆணும் பெண்ணும் கலந்த கூட்டங்களில் யார் அதிக நேரம் பேசுகிறார்கள் என்று பார்த்த 56 ஆய்வுகளை 1993-இல் டெபோரா ஜேம்ஸ், ஜானிஸ் டிராகிச் இருவரும் தொகுத்தார்கள். ஒட்டுமொத்தத்தில் பெண்கள் அதிகம் பேசியது இரண்டே ஆய்வுகளில். 34 ஆய்வுகளில் ஆண்களே அதிகம். வேலை சார்ந்த கூட்டம், முறையான விவாதம், பேசினால் மதிப்பு கிடைக்கும் இடம் என்றால் ஆண் குரல் நீளும். ஆக "யார் அதிகம் பேசுவார்?" என்பதே அரைகுறைக் கேள்வி. எங்கே, யாருக்கு முன்னால் என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

சமூக நடத்தை பற்றி நான் படித்தவற்றில் திரும்பத் திரும்ப வருவது இந்தச் சேர்மானம்தான்.

பிறர் உணர்ச்சியைப் படிப்பதைப் பாருங்கள். முகம், குரல், உடல் அசைவு இவற்றிலிருந்து உணர்ச்சியைக் கண்டுபிடிப்பதில் பெண்கள் சராசரியில் முன்னால் நிற்கிறார்கள். ஜூடித் ஹால் 1978-இலேயே தொகுத்துக் காட்டினார், பிறகும் அது தாக்குப்பிடித்திருக்கிறது. நடுத்தர அளவு வேறுபாடு, உண்மையானதுதான். ஆனால் ஒருவர் உள்ளுக்குள் என்ன நினைத்தார் என்பதை ஊகிக்கச் சொல்லும் சோதனைகளில் விசித்திரம் ஒன்று தெரிந்தது. தம்முடைய பரிவை அளக்கிறார்கள் என்று தெரியும்போது மட்டும் பெண்கள் முந்தினார்கள். அது தெரியாதபோது இடைவெளி இல்லை. கிறிஸ்டி க்ளைன், சாரா ஹாட்ஜஸ் இருவரும் 2001-இல் ஒரு படி மேலே போனார்கள். சரியாக ஊகித்தால் பணம் என்றார்கள். இரு பாலாரும் முன்னைவிட நன்றாகச் செய்தார்கள், வேறுபாடு காணாமல் போனது. ஆண்களுக்கு அந்தத் திறமை இல்லாமல் இல்லை. வழக்கமாக அதைச் செலவழிக்க ஒரு காரணம் கிடைப்பதில்லை. "எனக்கு இதெல்லாம் புரியாது" என்று சொல்லும் கணவர்களுக்கு இந்த ஆய்வு அவ்வளவு வசதியானதல்ல.

சிரிப்பும் அப்படியே. பெண்கள் அதிகம் புன்னகைக்கிறார்கள், ஆனால் தம்மை யாரோ கவனிக்கிறார்கள் என்று தெரியும்போது அந்த இடைவெளி பெரிதாகிறது. உதவி செய்வதில் திசை மாறும். முன்பின் தெரியாதவருக்கு, ஆபத்துக் கலந்த சூழலில் உதவுவதில் ஆண்கள் முன்னால் என்று ஆலிஸ் ஈக்லி, மாரீன் க்ரோலி இருவரின் 1986 தொகுப்பு சொல்கிறது. வேடிக்கை பார்க்க ஆட்கள் இருந்தால் அந்த வேறுபாடு கூடுகிறது.

எனக்கு மிகப் பிடித்த சோதனை 1994-இல் ஜெனிஃபர் லைட்டேல், டெபோரா பிரென்டிஸ் செய்தது. ஒரு வீடியோ கேம், எதிராளி மீது குண்டு போட வேண்டும். ஒரு பாதிப் பேரை முன்னால் உட்காரவைத்து, பெயர்ச்சீட்டு மாட்டி, தம்மைப் பற்றிச் சொல்லச் சொல்லி, யார் என்று தெரியும்படி ஆடவைத்தார்கள். அவர்களில் ஆண்கள் கூடுதல் குண்டு போட்டார்கள். மறு பாதி யாரென்றே தெரியாமல் ஆடியது. அங்கே பெண்களும் ஆண்களும் போட்ட குண்டுகளில் வித்தியாசம் இல்லை.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது: பழகும் முறையில் நாம் பார்க்கும் வேறுபாட்டில் ஒரு பெரிய பங்கு ஆளுக்குள் இருப்பதல்ல, ஆட்களுக்கு நடுவில் இருப்பது. ஒருவரைத் தனியே அளந்தால் சின்னதாகத் தெரிவது, நாலு பேர் நடுவே விட்டால் பெரிதாகும். இதை முதலில் தெளிவாகச் சொன்னவர் எலினோர் மக்கோபி. அவரும் கரோல் ஜாக்லினும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசி 1974-இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார்கள். நம்பப்பட்ட வேறுபாடுகளில் பலவற்றுக்கு ஆதாரம் இல்லை என்பது அதன் முடிவு. நாலு வருடம் கழித்து இருவரும் 33 மாதக் குழந்தைகளை, அதற்கு முன் பழகாத இன்னொரு குழந்தையுடன் விளையாடவிட்டுப் பார்த்தார்கள். குழந்தைகளைத் தனித்தனியே கூட்டிச் சராசரி எடுத்தால் பையனுக்கும் பெண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒரே பாலினக் குழந்தை ஜோடியாக வந்தால் இருவரும் கலகலப்பாகப் பழகினார்கள். பெண் குழந்தையைப் பையனோடு விட்டால் அவள் ஒதுங்கி நின்று பார்ப்பது கூடியது. அதே குழந்தை இன்னொரு பெண் குழந்தையோடு அப்படி ஒதுங்கவில்லை.

மூன்று வயதிலிருந்து குழந்தைகள் தாமாகவே பிரிந்து விளையாடத் தொடங்குகிறார்கள். பெரியவர்கள் சொல்லித் தருவதில்லை, தடுத்தாலும் நிற்பதில்லை. பையன்கள் கூட்டமாக, கட்டிப்புரண்டு, யார் மேலே என்று தீர்மானிக்கும் விளையாட்டு. பெண்கள் இரண்டு மூன்று பேராக, பேசிப்பேசி ஒத்துப்போகும் விளையாட்டு. பத்துப் பன்னிரண்டு வருடம் இப்படி இரு வேறு கூட்டங்களில் பழகி வளர்ந்தவர்கள், பிறகு ஒரே அலுவலகத்தில் சந்திக்கும்போது ஒருவர் பேச்சை மற்றவர் தப்பாகப் புரிந்துகொள்வதில் என்ன ஆச்சரியம்?

இனி, அசையாத வேறுபாடுகள். "எல்லாம் வளர்ப்பு" என்று சொல்பவர்கள் இங்கே கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும்.

உடல் ரீதியான வன்முறைதான் இதில் முதலாவது. கொலை வழக்குகளில் சந்தேகிக்கப்படுபவர்களில் உலக அளவில் சுமார் 90 விழுக்காடு ஆண்கள். கொல்லப்படுபவர்களிலும் சுமார் 80 விழுக்காடு ஆண்களே. கொலை செய்பவர்களில் ஆண்களே அதிகம் என்பது எந்த நாட்டை எடுத்தாலும் மாறுவதில்லை. அடிப்பது, கடிப்பது, தள்ளுவது மனித வாழ்வில் உச்சத்தில் இருப்பது வாலிபத்தில் அல்ல, இரண்டு மூன்று வயதில். அந்த மழலை வயதிலேயே பையன்கள் கூடுதலாக இருக்கிறார்கள். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன்தான் காரணம் என்று ஒற்றை வரியில் முடிப்பவர்களுக்கும் இது சங்கடம்: பருவமடையும்போது அந்த ஹார்மோன் பல மடங்கு ஏறுகிறது, இடைவெளி அதே வேகத்தில் விரிவதில்லை. பேச்சால் குத்துவது, கூட்டத்திலிருந்து ஒதுக்கிவைப்பது, முதுகுக்குப் பின்னால் பேசுவது இவை பெண்களின் ஆயுதம் என்பார்கள். அளந்து பார்த்ததில் வேறுபாடு மிகச் சிறியது. ஆண்களும் அதில் சளைத்தவர்கள் இல்லை.

அடுத்தது விருப்பம். திறமையைவிட விருப்பத்தில்தான் ஆணும் பெண்ணும் அதிகம் விலகி நிற்கிறார்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஐந்து லட்சம் பேருக்கு மேற்பட்டோரின் தொழில்விருப்பத் தரவுகளைத் தொகுத்த ரோங் சூ குழுவின் 2009 ஆய்வில், பொருள்களோடு வேலை செய்வதா மனிதர்களோடு வேலை செய்வதா என்ற அச்சில் இடைவெளி ஏறத்தாழ ஒரு திட்ட விலக்கம். உளவியலில் இது பெரிய எண். இதற்கு மேல் உடலே தீர்மானிப்பவை இருக்கின்றன: பிடி வலிமை, தோள் வலிமை, எறியும் வேகம். அவற்றில் விவாதத்துக்கு இடமில்லை.

அறிவுத் திறமைகளுக்கு வருவோம். கணக்கில் ஆண்கள் மேல் என்பதன் கதை சுவாரஸ்யமானது. ஜேனட் ஹைட் குழு 2008-இல் அமெரிக்காவின் பத்து மாநிலங்களில் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் தேர்வு மதிப்பெண்களைப் பார்த்தது; இரண்டாம் வகுப்பிலிருந்து பதினொன்றாம் வகுப்பு வரை சராசரியில் வேறுபாடு இல்லை. சராசரியை விட்டு உச்சியைப் பார்த்தால் படம் வேறு. 13 வயதாகும் முன்பே கல்லூரி நுழைவுக் கணிதத் தேர்வெழுதி 800-க்கு 700 தாண்டியவர்களில் ஒரு பெண்ணுக்கு 13 பையன்கள் என்று 1983-இல் கமிலா பென்போ, ஜூலியன் ஸ்டான்லி அறிவித்தபோது பெரிய பரபரப்பு. "இதுதான் உயிரியல்" என்று பலர் முடிவே கட்டினார்கள். அதே விகிதம் ஓரிரு தலைமுறைக்குள் ஒன்றுக்கு நாலு அளவுக்கு இறங்கிவிட்டது. மரபணு அவ்வளவு வேகத்தில் மாறாது. ஆனால் நாலு ஒன்றாக மாறவில்லை, பல ஆண்டுகள் அதை ஒட்டியே நின்றது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவரவர் கட்சிக்கு வேண்டிய பாதியை மட்டும் சொல்வதுதான் வழக்கம்.

வாசிப்பில் திசை நேரெதிர். 15 வயதினருக்கான பீசா (PISA) என்ற பன்னாட்டுத் தேர்வில் பங்கெடுக்கும் நாடுகளில் பெண்கள் வாசிப்பில் முன்னால். 2018-இல் ஓஇசிடி (பெரும்பாலும் செல்வ நாடுகளின் கூட்டமைப்பு) நாடுகளின் சராசரி இடைவெளி 30 புள்ளி. அதே தேர்வில் கணக்கில் பையன்கள் முந்தியது 5 புள்ளி. ஐந்து புள்ளிக்கு நடந்த விவாதத்தில் பத்தில் ஒரு பங்குகூட முப்பது புள்ளிக்கு நடக்கவில்லை என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம். திக்குவாய், வாசிப்புக் குறைபாடு, ஆட்டிசம் இவையும் பையன்களிடமே அதிகம் கண்டறியப்படுகின்றன.

திசையறிவுக்குப் பின்னால் இருப்பது ஒரு முப்பரிமாண உருவத்தை மனத்துக்குள் சுழற்றிப் பார்க்கும் திறமை. அறிவுத் திறமைகளில் ஆண்களுக்குச் சாதகமான பெரிய வேறுபாடு இதுதான். ஒரு திட்ட விலக்கத்தில் பாதி முதல் முக்கால் வரை. மூளையில் பதிந்தது என்று தோன்றும். ஆனால் 2007-இல் ஜிங் ஃபெங், இயன் ஸ்பென்ஸ், ஜே பிராட் மூவரும் வீடியோ கேம் பழக்கமில்லாதவர்களுக்குப் பத்து மணி நேரம் சண்டை விளையாட்டு ஆடக் கொடுத்தபோது பெண்கள் ஆண்களைவிட அதிகம் முன்னேறி இடைவெளியைக் குறைத்தார்கள். 217 பயிற்சி ஆய்வுகளைத் தொகுத்த 2013 ஆய்வோ, பயிற்சியால் இருவருமே ஏறுகிறார்கள், இடைவெளி தானாக மறைந்துவிடாது என்கிறது. வடகிழக்கு இந்தியாவில் தாய்வழிச் சொத்துரிமை உள்ள காசி மக்களையும், அருகிலேயே வாழும் தந்தைவழி முறை கொண்ட கர்பி மக்களையும் 2011-இல் ஒப்பிட்டார்கள். ஒரு வெட்டுத்துண்டுப் புதிரைச் சேர்க்கக் கொடுத்ததில் கர்பி ஆண்கள் பெண்களைவிட வேகமாக முடித்தார்கள். காசிகளிடம் அந்த இடைவெளி இல்லை. போட்டி மனப்பான்மையிலும் இதே போல: பந்தை வாளிக்குள் எறியும் விளையாட்டில், தான் போட்ட பந்துக்குக் கூலியா, எதிராளியை வென்றால் மட்டும் கூடுதல் கூலியா என்று கேட்டபோது தான்சானியாவின் மாசாய் ஆண்களில் 50 விழுக்காட்டினர் போட்டியைத் தேர்ந்தார்கள், பெண்களில் 26. காசிகளில் பெண்கள் 54, ஆண்கள் 39.

ஒரே நேரத்தில் பல வேலை செய்வதில் பெண்கள் கெட்டிக்காரர்கள் என்பது பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2019-இல் 48 ஆண்களையும் 48 பெண்களையும் வைத்துச் சோதித்ததில் இருவருமே ஒரே அளவு தடுமாறினார்கள்.

பிறவியா வளர்ப்பா என்ற கேள்விக்கு நல்ல சான்று தருபவை இயற்கையே செய்த சோதனைகள். பிறவி அட்ரினல் சுரப்பி மிகைவளர்ச்சி என்றொரு நிலை உண்டு. கருவில் இருக்கும்போதே பெண் சிசுவுக்கு ஆண் ஹார்மோன் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிடும். பிறந்ததும் சிகிச்சை, பெண்ணாகவே வளர்ப்பு. ஆனாலும் இந்தக் குழந்தைகள் தம் அக்கா தங்கைகளைவிட வண்டிகளையும் கட்டுமானப் பொம்மைகளையும் அதிகம் தேடிப் போகிறார்கள். பெற்றோர் ஊக்கிவிட்டதால் அல்ல. பெண் குழந்தைக்குரியது என்று கருதப்படும் பொம்மையை இவர்கள் எடுத்தால் பெற்றோர் கூடுதலாகவே பாராட்டியது 2005 ஆய்வு ஒன்றில் பதிவாகியிருக்கிறது. விளையாட்டு விருப்பத்தில் கருக்கால ஹார்மோனுக்குப் பங்கு உண்டு என்பதை நான் ஒப்புக்கொள்வது இதனால்தான்.

பிறந்த குழந்தைகளிலேயே பெண் முகத்தைப் பார்க்கிறாள், ஆண் அசையும் பொருளைப் பார்க்கிறான் என்று 102 சிசுக்களை வைத்துச் செய்த 2000 ஆய்வை எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள். அதை நான் நம்பவில்லை. முகத்தைக் காட்டியவரே ஆய்வாளர்களில் ஒருவர். குழந்தை ஆணா பெண்ணா என்பது அவருக்குத் தெரியாமல் இருந்ததற்குப் போதிய உறுதி இல்லை.

வளர்ப்பின் பக்கமும் சான்று அதே அளவு கூர்மையானது. 1976-இல் ஒரே குழந்தையின் ஒரே வீடியோவைப் பலருக்குப் போட்டுக் காட்டினார்கள். பெட்டியைத் திறந்ததும் பொம்மை துள்ளி எழும், குழந்தை அழும். பையன் என்று சொல்லப்பட்டவர்கள் "கோபம்" என்றார்கள்; பெண் என்று சொல்லப்பட்டவர்கள் "பயம்" என்றார்கள். 2000-இல் வேறொரு சோதனை: 11 மாதக் குழந்தை எவ்வளவு சரிவான பலகையில் தவழ்ந்து இறங்கும் என்று அம்மாக்களைக் கேட்டார்கள். பையனின் அம்மாக்கள் அதிகமாகச் சொன்னார்கள், பெண்ணின் அம்மாக்கள் குறைவாக. இறக்கிவிட்டுப் பார்த்தால் குழந்தைகளிடம் வித்தியாசமே இல்லை.

மூளைப் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆணின் மூளை சராசரியில் பத்து விழுக்காடு அளவுக்குப் பெரிது, உடலும் பெரிது. பகுதி பகுதியாகப் பார்த்தால் சராசரி வேறுபாடுகள் கிடைக்கும். ஆனால் டாஃப்னா ஜோயல் குழு 1,400-க்கும் மேற்பட்ட மூளைகளைப் பார்த்து 2015-இல் காட்டியது, எல்லாப் பகுதியிலும் "ஆண் பக்கம்" அல்லது எல்லாப் பகுதியிலும் "பெண் பக்கம்" நிற்கும் மூளை அரிது என்பதை. பெரும்பாலோர் கலவை. எல்லாப் பகுதிகளையும் ஒரே நேரத்தில் கொடுத்தால் கணினி ஓரளவு சரியாகப் பிரித்துவிடுகிறது என்று மறுப்பும் வந்தது. முகத்தை வைத்தும் ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம்தான். அதனால் அவருக்குக் கணக்கு வருமா என்று சொல்லிவிட முடியாது.

இரு கட்சியையும் குழப்பும் ஒரு முடிவு மிச்சம் இருக்கிறது. சமத்துவம் கூடக்கூட வேறுபாடுகள் சுருங்கும் என்றுதான் எதிர்பார்ப்போம். ஆர்மின் ஃபால்க், யோஹன்னஸ் ஹெர்ம்லே 2018-இல் வெளியிட்ட ஆய்வில் 76 நாடுகளில் 80,000 பேரிடம் துணிச்சல், பொறுமை, பிறர்மேல் நம்பிக்கை, தாராளம் இவற்றை அளந்தார்கள். செல்வமும் சமத்துவமும் உள்ள நாடுகளில் ஆண்–பெண் இடைவெளி அதிகம். வயிற்றுப்பாடு தீர்ந்த பிறகே இயல்பு வெளிவருகிறது என்கிறார்கள் ஒரு சாரார். செல்வ நாடுகளில் மக்கள் தம்மைத் தம் பாலினத்தாரோடு ஒப்பிடாமல் எதிர்ப்பாலோடு ஒப்பிட்டுப் பதில் எழுதுகிறார்கள், அதனால் அளவுகோலே மாறுகிறது என்பது இன்னொரு விளக்கம். என் மனம் இரண்டாவதன் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. கேள்வித்தாளில் தாமே எழுதும் பதில்களில்தான் இந்த விரிவு அதிகம் தெரிகிறது. கணக்கு மதிப்பெண்ணில், சமத்துவம் கூடிய நாடுகளில் இடைவெளி சுருங்குவதாக 2008-இல் வந்த ஓர் ஒப்பீடு சொன்னது.

வேலைக்கு ஆள் எடுப்பதற்கு வருகிறேன். உருவச் சுழற்சி போன்ற பெரிய வேறுபாட்டையே எடுத்துக்கொண்டாலும், விண்ணப்பித்த ஆணும் பெண்ணும் எதிரே உட்கார்ந்திருக்கும்போது ஆண்தான் மேல் என்று பந்தயம் கட்டினால் மூன்றில் ஒரு தடவை தோற்பீர்கள். அந்தத் திறமையை நேரடியாகச் சோதிக்கச் சில நிமிடம் போதும்; சோதித்த பிறகு பாலினம் உங்களுக்குச் சொல்ல மிச்சம் ஏதும் பெரிதாக இருக்காது. பரிவு தேவைப்படும் வேலை என்றால், ஆண் விண்ணப்பதாரரிடம் அது மதிப்பெண்ணுக்குரியது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சோதியுங்கள். 2001 ஆய்வின்படி பார்த்தால் அவரும் செய்துவிடுவார். தேர்ந்தெடுத்த பிறகு கூட்டங்களில் யார் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று ஒரு மாதம் கடிகாரத்தை வைத்துக் குறித்துப் பாருங்கள். அங்கேதான் வேறுபாடு உண்மையாகவே முளைக்கும்; நேரத்தைப் பங்கிட்டுக் கொடுத்தால் கணிசமாகக் குறையவும் செய்யும்.